எங்கள் வீட்டுக் குட்டிச்சாமி

என் வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் யாருக்கும் அது தெரியாது, குட்டிச்சாமி என்றால்தான் தெரியும். சின்ன வயதில் போர்வையைத் தோளில் போட்டு, பிஸ்கட்டை உயர்த்திப் பிடித்துப் பூசை வைத்து விளையாடியிருக்கிறார். எங்கள் கோயில் பிள்ளைகள் எல்லோரும் விளையாடுவதுதான். அதைப் பார்த்து அவருடைய அக்கா நிஜமாகவே முழங்கால் போட்டுவிட்டாள். வந்தது வினை. அன்றைக்கே அவர் சாமியாராகப் போவது முடிவாகிவிட்டது. அவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர, அவரை வளர்த்தவள் அந்த அக்காதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. நீராவியில் நின்று நின்று முகம் எப்போதும் வெந்த மாதிரி சிவந்திருக்கும். வந்த வரன்களையெல்லாம், "தம்பி குருப்பட்டம் வாங்கட்டும்" என்று தட்டிக் கழித்தாள்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்தார். சில வருஷம் கழித்து, அங்கே மாணவர்களுக்கு ஆன்ம ஆலோசனை சொல்லும் சாமியார், பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாராம்: "உன்னை இங்க கூப்பிட்டது யாருப்பா?"

'கடவுள்' என்று சொல்ல வாயெடுத்தவர், "யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்று எழுந்து கோயிலுக்குப் போனாராம்.

"மாசக்கணக்கா கோயில்ல தனியா உக்காந்து பாத்தேன். கடவுள் மேல பாசம் இருந்துச்சு. அவர் கூப்பிட்ட மாதிரிதான் இல்ல. கண்ணை மூடினா அக்கா குரல்தான் கேட்டுச்சு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். வெளியே வந்தால் அக்கா உடைந்துபோவாள். உள்ளேயே இருந்தால் ஆயுசு முழுக்கப் பொய். அழுதுகொண்டேதான் பெட்டியைக் கட்டினாராம்.

அக்கா கதவைத் திறந்தாள், பெட்டியைப் பார்த்தாள். திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்றாள். அதற்குப் பிறகு அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. இவர் கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுக்கப் போனார். என்னைக் கட்டினார். கல்யாணத்துக்கு வந்த அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, விருந்துக்கு முன்பே கிளம்பிவிட்டாள். எங்கள் வாசற்படி மிதித்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்க அக்கா என்ன, பாப்பரசருக்குச் சம்பந்தியா?" என்பேன்.

சிரிக்க மாட்டார். "'போகட்டும் விடுடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக ஞாயிறு தவறாமல் அவள் வீட்டுக்குப் போய், ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

இந்த வருஷம் அக்கா தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். அவள் கை மட்டும் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தது. திடீரென்று கண்ணைத் திறந்து இவரைப் பார்த்து, "சாமி, வந்துட்டீங்களா? பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றாள்.

இவர் பதறிப்போய், பங்குச்சாமியாருக்குப் போன் போடச் சொன்னார். போட்டேன். அதற்குள் அக்கா ஒரு கையால் இவர் கையைப் பிடித்துச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"கன்னியாஸ்திரி மடத்துல சேரணும்னு எனக்குத்தான் ஆசை, சாமி. தம்பியை யார் பாத்துக்குவா? அதான் போகல. என் ஆசையைத் தூக்கி அந்தப் பச்சப்புள்ள தலையில வச்சுட்டேன். அவன் திரும்பி வந்தப்போ அவன் முகத்துல முழிக்கவே வெக்கமா இருந்துச்சு. நான் கோவமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டான். நானும் வாயைத் திறக்கல. மன்னிப்புக் கொடுங்க, சாமி."

மன்னிப்பு வாசகம் இவருக்கு மனப்பாடம். சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள், யார் கேட்கப்போகிறார்கள்? "சொல்லித் தொலைங்களேன்" என்று கிசுகிசுத்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பட்டம் வாங்காதவர் வாயில் அது வரக்கூடாது. குனிந்து அவள் காதருகில் பேசினார்.

"அக்கா, நான் சாமியார் இல்லக்கா. உன் தம்பி. சாமியார் வந்துகிட்டிருக்கார், அவர் குடுக்கவேண்டியதை அவர் குடுப்பார். எனக்கு உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல. போகட்டும் விடுக்கா."

அவள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் கை விரிப்பை நீவுவதை நிறுத்தியது.

"தம்பியா?" என்றாள். "சாப்பிட்டியா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மனுஷன், "சாப்பிட்டேன்க்கா" என்றார். சாமியார் படியேறி வருவதற்குள் அவள் போய்விட்டாள்.