கடை முன்னால் ஒரு லாரி

லாரிக்காரனுக்குப் போர்டு வைத்துப் பிரயோஜனம் இல்லை. அவன் போர்டைப் பார்த்து நிறுத்துகிற ஜாதி கிடையாது. நிற்கிற லாரியைப் பார்த்துத்தான் நிறுத்துவான். நாலு வண்டி நின்றால் அஞ்சாவது தானாக ஒதுங்கும். ஒண்ணும் நிற்காவிட்டால் நீங்கள் அமுதத்தையே ஊற்றிக் கொடுத்தாலும் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடுவான்.

ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருந்த சுந்தராம்பாளுக்கு இது நன்றாகத் தெரியும். கடை போட்ட புதிதில் மூணு மாசம் ஈ ஓட்டியவள் அவள். ஒருநாள் பரசுராமன் என்கிற டிரைவரின் லாரி, கடைக்கு நேராகப் பஞ்சராகி நின்றது. அவன் டயர் மாற்றி முடிப்பதற்குள் பின்னால் ரெண்டு வண்டி வந்து நின்றது. அன்றைக்குப் பிடித்த வியாபாரம், ஆறு வருஷம் குறையவில்லை.

தொண்ணூற்றொன்று மே மாசம், தேர்தல் கூட்டத்துக்கு டில்லியிலிருந்து தலைவர் வருகிறார் என்றார்கள். கூட்டம் கலைந்து வருகிற ஜனம் பசியோடு வருமே என்று சுந்தராம்பாள் மூணு அண்டா மாவு அரைத்து வைத்தாள். ஜனம் வந்தது, ஆனால் சாப்பிட வரவில்லை. குண்டு வெடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு, செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடியது. அவள் குடம் குடமாகத் தண்ணீர்தான் கொடுத்தாள்.

விடிந்தால் ஊரே பூட்டிக் கிடந்தது. ரோட்டில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. லாரிகளைப் பக்கத்து ஊரான தண்டலத்திலேயே மறித்து, வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒரு டீக்கடைகூட இல்லை. சுந்தராம்பாள் இட்லிப் பானையையும் அண்டாக்களையும் மாட்டுவண்டியில் ஏற்றினாள்.

"ஊரே சாவு வூடா கீது. நீ இட்லி விக்கக் கிளம்பிட்டியா மே?" என்றான் புருஷன் கோதண்டராமன்.

"நானுந்தான் அழுதேன். அதுக்காக அரைச்ச மாவு புளிக்காம இருக்குமா? அங்க டிரைவருங்க பச்சத்தண்ணி இல்லாம நிக்கிறாங்களாம். நீ வண்டிய ஓட்டு."

ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போய், தண்டலத்துப் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டினாள். மூணு அண்டாவும் காலி. கயிறு அவிழ்க்கப் பன்னிரண்டு நாள் ஆனது. பன்னிரண்டு நாளும் அங்கேதான் இட்லி வேகவைத்தாள்.

ரோடு திறந்ததும் கடைக்குத் திரும்பினாள். அடுப்பு எரிந்தது, சாம்பார் மணத்தது, ஒரு லாரிகூட நிற்கவில்லை. என்னவென்று விசாரித்தால், இவள் அங்கிருந்து கிளம்பிய அன்றைக்கே அதே புளியமரத்தடியில் எவனோ கொட்டகை போட்டுவிட்டானாம். எல்லா வண்டியும் அங்கேதான் ஒதுங்குகிறதாம். ஒதுங்காமல்? அங்கே நிறுத்து என்று பழக்கியதே இவள்தானே! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. சுந்தராம்பாளுக்கு வயிறு எரிந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நாலு நாள் பார்த்தார்கள். வேகவைத்த இட்லியை மாடு தின்றது. "நாமளும் தண்டலத்துக்கே போயிடலாம்மே. இன்னும் ஒரு வாரம் இப்டியே போனா அரிசி வாங்க வழி இல்ல," என்றான் கோதண்டராமன்.

"அங்க இன்னொருத்தன் அடுப்பு எரியுது. ஆறு வருசமா நின்ன இடம் இது. இங்கதான் லாரி நிக்கணும்," என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மறுநாள் பஸ் பிடித்துத் தண்டலம் போனாள். கொட்டகையில் பரசுராமன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"சாப்புடு தம்பி. சாப்புடறவன எழுப்ப நான் வரல," என்றாள். "எங்கிட்ட நீ ஒரு வாய்கூட தின்ன வேணாம். வண்டிய மட்டும் என் கட முன்னாடி அரை மணி நேரம் நிறுத்து. அதுக்குமேல நான் பாத்துக்கறேன்."

"யக்கா, லோடு கீது. லேட்டானா ஓனர் கத்துவாரு," என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் வேறெதுவும் கேட்காமல் திரும்பிவிட்டாள். ஆனாலும் அன்று ராத்திரி வழக்கத்தைவிட ஒரு படி அதிகமாகவே மாவு அரைத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். பரசுராமனின் லாரி வந்து கடைக்கு நேராக நின்றது. அவன் இறங்கினான். கடைப் பக்கம் திரும்பவே இல்லை. ஜாக்கியை எடுத்து முட்டுக் கொடுத்து, முன்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தான்.

சுந்தராம்பாள் தட்டில் நாலு இட்லியோடு ஓடினாள். "பஞ்சரா தம்பி?"

"டயர் நல்லாத்தான் கீது. தட்டக் கொண்டு போ யக்கா, நான் தண்டலத்துலயே தின்னுட்டேன்," என்றான், நட்டைத் திருகிக்கொண்டே. "சும்மா நின்னா போலீஸ் விரட்டுவான். டயர் மாத்தறவன விரட்ட மாட்டான்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் பின்னால் ஒரு லாரி வேகம் குறைந்து, ஓரம் கட்டி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "டிபன் ரெடியா?" என்றான்.

"ரெடி. உள்ள வா," என்று சுந்தராம்பாள் அந்தத் தட்டை அவன் கையில் கொடுத்தாள்.