சத்தம் போடாத பெட்டி

டிவிக்குக் கீழே வைத்துப் படம் பார்க்க, சத்தமே போடாத ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டேன். அதைச் செய்து தர எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு தி.நகரிலிருந்து ஒருவர் வந்தார். பெருத்த உடம்பு. சட்டைப் பையில் ஸ்குரூடிரைவரோடு ஊதுபத்தி. பெட்டியை மூடியதும் பத்தியைக் கொளுத்தி அதன் ஓட்டைகளுக்கு அருகே பிடித்தார். புகை உள்ளே போகிற அழகைப் பார்த்துவிட்டு, சூடு தங்காது என்றார். பிறகு சீலிங் ஃபேனை நிறுத்தச் சொல்லி, பெட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எதுனா கேக்குதா சார்?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் சார் நம்ம வேலை."

அந்த வேலையே வினையாகிவிட்டது. ஓடாத சாமானுக்கு எதற்குக் கரண்ட் என்று, போகிற போக்கில் அப்பா அதன் சுவிட்சை அணைத்துவிடுவார். மூன்று படங்களில் கொலைகாரன் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பெட்டி செய்தவரை மறுபடி வரவழைத்தேன்.

"பெட்டி ஓடிக்கினுதான் கீது பெரியவரே" என்றார்.

"ஓடினா சத்தம் வர வேண்டாமோ?" என்றார் அப்பா.

வந்தவர் பெருமூச்சு விட்டார். தோள்பையிலிருந்து ஒரு பழைய குட்டி ஃபேனை எடுத்துப் பெட்டிக்குள் மாட்டினார். பெட்டி கொர்ரென்று உறுமியது.

"இப்பத்தான் ஓடறது" என்றார் அப்பா.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் என் காதருகே குனிந்தார். "இத நான் செஞ்சதுன்னு மட்டும் யாராண்டயும் சொல்லிடாத சார்."

பெட்டி இன்றும் உறுமுகிறது. வருகிறவர்கள் முகம் சுளித்தால், நானே செய்தது என்று சொல்லிவிடுகிறேன்.