காம்பராக் கதவு

விசைப்பலகையைத் தொடும் முன் அனோஜா உள்ளங்கைகளைக் கணினியின் முதுகில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். வட்டகொடைக் குளிருக்கு அது நல்ல கணப்பு. ஆனால் அது கொதிக்கிறதென்றால் திணறுகிறதென்று பொருள். அவளுக்கும் அலுப்புத்தான். பகலெல்லாம் போட்டோப்பிரதிக் கடையில் நின்றுவிட்டு, மாலையில் மாதா கோயில் மண்டபத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்கிறாள்.

பிள்ளைகள் எழுதும் விளையாட்டுகள் அவளுடைய இணையத்தளத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் மூடிய பெட்டிபோல் தனித்தனியே அடைத்திருக்கிறாள். அதற்கு அவள் வைத்த பெயர் காம்பரா, தோட்டத்து லய வரிசையில் ஒரு குடும்பம் இருக்கும் அறையின் பெயர். உள்ளே இருக்கும் கோடிங் வெளியே எதையும் தொட முடியாது. ஒரு புள்ளியைக் கூட்டவும் கதவைத் தட்ட வேண்டும். தளம் சரிபார்த்துத்தான் வாங்கும். "தட்டுறதும் பாக்குறதுந்தான் நேரத்த திங்குது" என்பாள்.

காம்பரா இல்லாத காலத்தில் ஒரு பையன் எங்கிருந்தோ அள்ளிவந்து ஒட்டிய கோடிங் எல்லாருடைய விளையாட்டையும் அழித்துவிட்டது. "லயத்துல ஒரு காம்பரா பத்திக்கிட்டா மத்தது தப்புமா? அதான் ஒவ்வொண்ணுக்கும் கதவு" என்று அன்றிலிருந்து சொல்கிறாள்.

இன்று தாய்மார் பார்க்க வருகிறார்கள். மாணவி டிலுக்ஷியின் விளையாட்டில் ஒரு பெண் கொழுந்து பறித்தபடி மலையேற வேண்டும். திரையில் அந்தப் பெண் நகரவே இல்லை. ஒவ்வொரு கொழுந்துக்கும் கதவில் ஒரு தட்டல்.

"ஏய், ஒம்புள்ள உச்சிக்குப் போறதுக்குள்ள வேல பாக்க வர்ற கண்டாக்கையா அரை நாள் சம்பளந்தான்னு பேரு போட்டுருவாரு!" என்றான் பக்கத்தில் இருந்த லோஜன்.

"கொழுந்த ஒண்ணொண்ணாவா நிறுக்குறாங்க? கூடை நெறஞ்சதும் ஒருக்கா தட்டச் சொல்லு" என்று அனோஜா கோடிங்கைத் திருத்தினாள். பெண் நடந்தாள். ஆனாலும் திக்கித் திக்கித்தான்.

"கதவ தொறந்துருங்க டீச்சர், இன்னைக்கு மட்டும். அம்மா முன்னுக்கு மானம் போயிரும்" என்றாள் டிலுக்ஷி. திறக்க ஒரு வரியை அழித்தால் போதும். அனோஜாவின் விரல் அந்த வரிக்குப் போய் நின்றது.

அதற்குள் டிலுக்ஷியின் தாய் வேலாயி வந்துவிட்டார். கொழுந்து பறிக்கையில் தலையை மூடும் கொங்காணியைக் கழற்றாமலே திரையைப் பார்த்தார். "அட, நெசமாத்தான் போட்டிருக்கா. கூடை நெறஞ்சா நாங்களும் இப்பிடித்தாம்மா ஏறுவோம்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். டிலுக்ஷி மட்டும் டீச்சரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனோஜா இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துச் சுவெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள்.