மலைக்குப் போன சித்தப்பா

ஆடி மாதச் சாரலில் யாராவது சபரிமலைக்கு மாலை போடுவார்களா? என் சித்தப்பா போட்டார். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் எஸ்டேட்டில் தேயிலை பாக்டரியைப் பூட்டிப் பல மாதமாகியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் எல்லார் அடுப்பும் ஒரு வேளைதான் எரியும். அப்பா ஏலத்தோட்டத்தில் கூலி தேடி உடும்பஞ்சோலைப் பக்கம் போய்விட்டார். பாக்டரி வேலை போன சித்தப்பா போனைத் தேய்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அந்தச் சமயத்தில்தான் பஜாரிலிருந்து சில அண்ணன்மார் ஜீப்பில் வந்து ஒரு மூட்டை அரிசி இறக்கினார்கள். நம் சாமிக்கு ஆபத்து என்றார்கள். சாமிக்கே ஆபத்து என்றால் நாம் யாரிடம் போய் முறையிடுவது என்று எனக்கு ஒரே குழப்பம். அம்மா எதுவும் கேட்காமல் உலை வைத்தாள்.

அதற்குப் பிறகு சித்தப்பா தாடி வளர்த்தார். கறி மீனை விட்டார். வெறும் தரையில் படுத்தார். தினமும் கடன் சொல்லி டீ குடித்த பாய் கடைப் பக்கமே போகவில்லை. விரதக்காரர் வெளியில் சாப்பிடக் கூடாது அல்லவா, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கழுத்தில் துளசிமணி மட்டும் இல்லை. மாலை போட்டவர் என்று நானும் மரியாதையாக, சாமி, சாப்பிட வாங்க என்றேன். பதிலுக்குச் சாமி என்று சொல்லாமல் அவர் ஏன் முறைத்தார் என்று புரியவில்லை.

ஒரு நாள் காலையில் பையோடு கிளம்பினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு மலைக்கு என்றார். எங்கள் வீட்டில் மலை என்றால் சபரிமலைதான். சுற்றி நிற்பதெல்லாம் வெறும் மேடு, காடு. இருமுடி கட்டவில்லையே என்று எனக்கு உதைத்தது. ஆனாலும் அரவணைப் பாயச டின் வரும் என்ற ஆசையில் வாயைத் திறக்கவில்லை.

அவர் போலீஸ் ஜீப்பில் திரும்பி வந்தார், கையில் விலங்கோடு. வீட்டைச் சோதனை போட்டவர்கள் அரிசி மூட்டையையும் தூக்கினார்கள்.

"அரிசிய மட்டும் விட்டுட்டுப் போங்க சார். புள்ளைக்கு வேற இல்ல" என்று அம்மா கெஞ்சினாள்.

"அது தெளிவாணு" என்றார் ஏட்டு. மலையாளத்தில் தெளிவு என்றால் ஆதாரம் என்று எனக்குத் தெரியாது. அரிசியில் என்ன தெளிவு என்று விழித்தேன்.

அந்த அண்ணன்மார் காட்டுக்குள் கொட்டகை போட்டுச் சித்தப்பாவுக்கும் இன்னும் சிலருக்கும் வெடி கட்டப் பழக்கியதும், முதலில் எரிய வேண்டியது பாய் கடை என்று பேசி வைத்திருந்ததும் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை. அரிசி கொண்டுவந்த அண்ணன்மாரில் ஒருவரைக்கூட யாரும் பிடிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றைக்கு எனக்கிருந்த கவலை வேறு. ஜீப்பருகே போய், அரவணை எங்கே என்று கேட்டேன். சித்தப்பா அழுதுவிட்டார்.

"அங்க கோயிலே இல்ல பாப்பா."

பாவம், வழி தெரியாமல் வேறு மலையில் ஏறிவிட்டார், அடுத்த தடவை விவரம் தெரிந்தவர் யாராவது கூட்டிப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு டாட்டா காட்டினேன்.