போதகர் வீட்டு வாசலில் என் மாமா

என் அம்மாவின் தம்பிக்கு ஆஸ்பத்திரியில் வார்டு வாசலைக் காக்கும் வேலை. அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று அப்பாவை ஃபிளாஸ்க்கும் கையுமாக வெளியே நிறுத்தியவர். "மச்சானா இருந்தா என்ன, மந்திரியா இருந்தா என்ன?" என்றாராம். அப்பா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

சபையில் மாமா கடைசி பெஞ்சு. போதகர் ஆசீர்வாதம் சொல்லும்போதே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். அவர் வாய்விட்டு ஜெபித்து யாரும் கேட்டதில்லை. அவருக்கு எப்படி போதகர் வீட்டு வாசலைக் காக்கும் எண்ணம் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் போதகருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அப்படியே நின்றார். உடம்பில் வேறு கோளாறு இல்லை, ஓய்வே இல்லாததுதான் கோளாறு, இரண்டு வாரம் வீட்டில் படுங்கள் என்றார் டாக்டர்.

சபையார் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு கிளம்பினார்கள். போதகரைப் பார்த்தால் ஜெபம் இல்லாமல் எழுந்து வருவது எங்கள் சபையில் வழக்கமில்லை. "உடம்பப் பாத்துக்கங்க ஐயா" என்பார்கள். எழும்போது, "அப்படியே ஒரு சின்ன ஜெபம்" என்பார்கள். மகள் கல்யாணம், மருமகன் குடி, முழங்கால் வலி. எனக்கு வேலை கிடைக்க அம்மாவும் ஒரு ஜெபம் வாங்கிவந்தாள். போதகர் ஒவ்வொரு முறையும் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

போதகரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதபோது மாமாவும் இருந்தார்.

"ஊழியமே வேணாங்கறாரு அக்கா. வேற ஏதாச்சும் வேலைக்குப் போயிடறேங்கறாரு. கண்ண மூடினா காலிங்பெல் அடிக்குது."

மறுநாள் டூட்டி முடிந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல், மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய் போதகர் வீட்டுக் கேட்டருகே போட்டு உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

முதலில் வந்தவர் ஞாயிறு பள்ளி டீச்சர்.

"ரெண்டே நிமிஷம்பா."

"எல்லாரோட ரெண்டு நிமிஷத்தையும் சேத்தா அவரு எப்ப தூங்குறது டீச்சர்?"

"நான் ஜெபத்துக்குத்தான் வந்தேன்."

"நல்லதாப் போச்சு. இங்கயே நின்னு அவருக்காகப் பண்ணிட்டுப் போங்க."

"நானா? போதகருக்கா?"

"ஏன், அவரு மனுசன் இல்லியா?"

"செருப்பத் தேடுறவன் எனக்குப் பாடம் நடத்துறான்" என்று முணுமுணுத்தாலும், டீச்சர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அவர் போனதும் கேட்டேன். "உனக்கு ஏன் மாமா இந்த வேலை?"

"தெரியலம்மா. நம்ம வீட்டுலயே நீதான் மொதல்ல காலேஜுக்குப் போனவ. மனச பத்தித்தான படிச்ச? நீயே சொல்லு."

நான் படித்ததில் இதற்கு என்ன பெயர் என்று தேடிப்பார்த்தேன். பெயர் கிடைத்தது. ஆனால் அது மாமாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தபோது, சொல்லிக்கொண்டு போக உள்ளே எட்டிப் பார்த்தார் மாமா.

"கெளம்புறேங்க ஐயா. அப்படியே ஒரு சின்ன..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். போதகர் சிரித்துவிட்டார். சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடிவந்து பார்த்தார்.

"இன்னிக்கு நீங்க பண்ணுங்களேன்" என்றார் போதகர்.

"எனக்கு அதெல்லாம் வராதுங்க."

"எனக்கும் இப்பல்லாம் வரல. வாய்தான் சொல்லுது."

மாமா தொப்பியைக் கழற்றினார். "ஆண்டவரே, இவரு ரொம்பக் களைச்சுட்டாரு. நான் நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் வந்துர்றேன். அதுவரைக்கும் நீங்க பாத்துக்கங்க."

அதோடு நிறுத்திவிட்டார். போதகர்தான் ஆமென் சொன்னார், படுத்தபடியே.

இரண்டு வாரம் கழித்து அவர் சபைக் கமிட்டியிடம் இன்னும் ஒரு மாதம் விடுப்பு கேட்டார். ஊழியத்தை விடுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.