சாரி கேட்கப் போன வீடு

காரைக்குடியில் ஒரு பள்ளியில் பதினோரு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. அந்த மொழியிலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி எடுத்து வளர்க்கும் சொல் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். ‘சாரி’தான்.

காலையில் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து சாரி காதில் விழுந்துவிடும். டவுன் பஸ்ஸில் என் காலை மிதித்தவர் சொல்வார், மிதிபட்ட நானும் சொல்வேன். மருந்துக் கடைக்காரர், “சாரி மேடம், அந்த மாத்திரை இப்ப வர்றதில்ல” என்பார், கம்பெனியையே அவர்தான் இழுத்து மூடியது போன்ற முகத்தோடு. தாமதமாக வரும் மாணவன் வகுப்பு வாசலில் நின்று “சாரி மிஸ்” என்றால், உள்ளே வரட்டுமா என்று பொருள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் பழக்கம். என் வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புத்தகத்திடமே ஒரு சாரியும் சொல்கிறார்கள். நான் தடுப்பதில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் சாரி சொல்வார்கள். நாம் சாரி கேட்போம். “போய் அவன்கிட்ட சாரி கேளு” என்றுதான் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்புவாள். சொல்வதென்றால் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். கேட்பதென்றால் பதில் வரும்வரை நிற்க வேண்டும். இப்படிப் பேசும் பிள்ளைகளை நிறுத்தித் திருத்தியவள் நான். இப்போது திருத்துவதில்லை. அதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் நெற்குப்பையில் விவசாயம் பார்க்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது அவருடைய வாசல் ஒன்றுதான். போன வருடம் என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தோம். மூன்று வயதுப் பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன், அதனால் என் பிள்ளைக்கு இருப்பதும் ஒரே மடி.

பத்திரிகை வந்த வாரம் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை கழுத்தை நெரித்தது. வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தத்துக்கு நேரில் போகாவிட்டால் பிரளயமே வரும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒக்கூருக்குப் போய் அவர் பெரியப்பா வீட்டில் தட்டு வைத்து அழைத்துவிட்டு வந்தோம். அண்ணனுக்குப் பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அண்ணன்தானே, நம்ம வீடுதானே என்ற தைரியம். வேண்டாதவர்களுக்கு மரியாதை, வேண்டியவர்களுக்கு வாட்ஸ்அப் என்று என் புத்தி அன்றைக்கு அப்படி வேலை செய்திருக்கிறது. முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அண்ணன் மனைவியின், அதாவது என் மதினியின், தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பதும் ஒக்கூரில்தான். நாங்கள் அந்த ஊரில் தட்டோடு இறங்கிய செய்தி, நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்பே நெற்குப்பைக்குப் போய்விட்டது.

நாலு நாள் அண்ணனிடமிருந்து சத்தமே இல்லை. எனக்கு விஷயம் உறைத்தது. “சாரி அண்ணே, பேப்பர் திருத்துற வேல, அதான் வர முடியல” என்று எழுதி, கை கூப்பிய படம் மூன்று போட்டு அனுப்பினேன். அரை நாள் கழித்துப் பதில் வந்தது. ‘இட்ஸ் ஓகே’. அண்ணனுக்கு என்னைத் திட்ட வேண்டுமானால் வாய்ஸ் மெசேஜில் மூச்சு விடாமல் திட்டுவார், கேட்டுக்கொண்டே சமையலை முடித்துவிடலாம். அவர் எனக்கு எழுதிய முதல் ஆங்கில வாக்கியம் இதுதான்.

சனிக்கிழமை காலைப் பள்ளிக்கு அனுமதி போட்டுவிட்டு, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு வீட்டுக்காரரின் பைக்கில் கிளம்பினேன். காதுகுத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

அண்ணன் வாசலிலேயே இருந்தார். “வாங்க. எப்ப வந்தீக?” என்றார். பிறந்ததிலிருந்து என்னைப் பாப்பா என்றும் வா போ என்றும் கூப்பிட்ட மனிதர் மரியாதை கொடுத்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இருந்தாலும் சமாளித்தேன். பேசுவது என் தொழில். தட்டை எடுத்து நீட்டி, “சாரிண்ணே, தப்பா எடுத்துக்காதீக, வேலையில மறந்துபோச்சு” என்று ஆரம்பித்து, ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினேன். என் காதுக்கே அது நன்றாக இருந்தது. “சரி, அப்டி வச்சிட்டுப் போங்க” என்று மேசையைக் காட்டினார். வைத்தேன்.

மதினி அடுப்படியிலிருந்து வந்து, “சோறு ஆக்கியாச்சு, ரெண்டு பேரும் கை நனைச்சிட்டுப் போங்க” என்றார்.

“வேணாம் மதினி, சாப்புட்டுத்தான் வந்தோம். எனக்கு ஸ்கூல்ல வேல கெடக்கு” என்றேன். பைக்கில் ஏறியபோது, ஒரு கடமை முடிந்தது என்ற நிம்மதிகூட இருந்தது.

திருப்பத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். டீயை ஆற்றிக்கொண்டே, “நீ ஏன் கை நனைக்கல?” என்றார்.

“பசிக்கல.”

“பசிக்கா சாப்புடச் சொன்னாக?”

“நீங்க உக்காந்து சாப்புட்டிருக்க வேண்டியதுதானே?”

“எப்படி? நீதான் ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிட்டியே.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. எங்கள் பக்கத்தில் பேச்சு அறுந்த வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போவோம், தலையைக் காட்டுவோம், நாலு வார்த்தை பேசிவிட்டும் வருவோம். கை மட்டும் நனைக்க மாட்டோம். ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்து வந்தால், பகை இன்னும் இருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாக அர்த்தம். நான் அண்ணன் வீட்டு நடுக்கூடத்தில் நின்று வாயால் அத்தனை சாரி கேட்டேன். அதன் பிறகு சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மதினி முகம் சட்டென்று சுருங்கியது அப்போதுதான் எனக்கு நினைவில் தட்டியது. சொல்லப்போனால் நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

“வண்டியத் திருப்புங்க” என்றேன். அவர் டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் திருப்பினார்.

நாங்கள் மறுபடி போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பாத்திரம் கழுவப் போட்டாகிவிட்டது. நான் நேராக அடுப்படிக்குப் போய், “மதினி, பசிக்குது. சோறு போடுங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இருங்க, புதுசா உலை வைக்கிறேன்.”

“இருக்கறதப் போடுங்க.”

இருந்தது சட்டியில் அடிச்சோறும் கொஞ்சம் கத்தரிக்காய் புளிக்குழம்பும். தரையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றார். முதல் கவளத்தை எடுத்தவளுக்கு, வாய்க்குள் வைக்குமுன் சொல்லியாக வேண்டும் போல் இருந்தது.

“அண்ணே, வேலையில மறக்கல. நீங்கதானேன்னு லேசா நெனச்சுட்டேன். அது என் தப்பு.”

அவ்வளவுதான் சொன்னேன். இங்கிலீஷ் ஒரு எழுத்துகூட வரவில்லை. கண்ணீர் சோற்றிலேயே விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் துடைத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் வந்து மதினி கையிலிருந்த குழம்புக் கிண்ணத்தை வாங்கி, என் தட்டில் அவரே ஊற்றினார். “வாய மூடிக்கிட்டுத் தின்னு” என்றார்.

தின்றேன். அந்தக் கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு தூக்கல். அதைச் சொல்லும் தைரியமும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. “ஆக்குனப்பவே வந்து தின்னுருக்கணும்” என்று மதினி திருப்பிக் கொடுத்தார்.

கை கழுவிய பிறகு, மேசையில் கிடந்த தட்டை எடுத்து, நானும் வீட்டுக்காரருமாக முறைப்படி நீட்டினோம். அண்ணனும் மதினியும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். “எத்தன மணிக்குக் குத்துறீக?” என்று அண்ணன் என் வீட்டுக்காரரிடம் கேட்டார். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று அவர் சொன்னார்.

புறப்படும்போது மதினி என்னை உள்ளே கூப்பிட்டு பீரோவைத் திறந்தார். அரக்கு நிறத்தில் ஒரு சின்னப் பட்டுப்பாவாடை, அதன் மேல் ஒரு ஜோடித் தோடு, சிவப்புக் கல் வைத்தது. பாவாடை என் மகளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. எப்போது எடுத்தது என்று கேட்டேன்.

“நாள் குறிச்ச அன்னைக்கே உங்க அண்ணன் போய் எடுத்துட்டு வந்துட்டாக” என்றார் மதினி. “தெனமும் சாயங்காலம் வாசல்ல உக்காந்து, பாப்பா இன்னைக்கு வந்து கூப்புடும், இன்னைக்கு வந்து கூப்புடும்னு பாத்துக்கிட்டே இருந்தாக.”