பூங்காவுக்கு நான் எழுதிய மனு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கோவிலில் சிறப்புத் தரிசனச் சீட்டு வந்தபோது எதிர்த்துப் பேசியவன் நான். சந்நிதியில் காசுக்கு ஒரு வரிசை, காசில்லாதவர்க்கு ஒரு வரிசையா என்று அதிகாரியிடம் முகத்துக்கு நேரே கேட்டேன். அடுத்த ஆண்டே, கோவில்பட்டியில் நாங்கள் மாலைதோறும் நடக்கும் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் வைக்கக் கோரி நகராட்சிக்கு மனு எழுதியவனும் நானே.

புல்தரையில் சீட்டாட்டம், பெஞ்சுகளில் வெற்றிலை எச்சில். கட்டணம் இருந்தால் கண்டவர்களும் உள்ளே வரமாட்டார்கள் என்று நடக்க வருபவர்கள் பேசிக்கொண்டோம். என் தமிழ் நன்றாயிருக்கும் என்று எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். இரண்டு பக்கம், பிழையில்லாமல் எழுதினேன்.

என்னோடு நடக்கிறவர் ஒருவர் இருந்தார். பசுவந்தனைப் பக்கத்துக்காரர், மழை பொய்த்துக் கரிசல் கைவிட்டபின் இங்கே தீப்பெட்டி ஆபீசில் கூலிக்குச் சேர்ந்தவர். சர்க்கரை நோய் இருந்ததால் தினமும் நடக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் பதிகம் கற்றது புத்தகத்தில். அவர் கற்றது காதால். நான் ஒரு பாட்டு, அவர் ஒரு பாட்டு என்று பாடியபடியே பூங்காவைச் சுற்றுவோம். நான் அடி பிறழ்ந்து பாடினால் நின்றுவிடுவார். திருத்திப் பாடிய பின்தான் அவர் கால் நகரும். அடியாரிடையே உயர்வு தாழ்வு இல்லை என்று நாவால் பாடிக்கொண்டிருந்த எனக்கு, 'கண்டவர்கள்' என்ற சொல்லுக்குள் அவரும் அடங்குவார் என்பது தோன்றவேயில்லை.

கட்டணம் வந்த முதல் நாள் காவலாளி அவரை வாசலிலேயே நிறுத்தினான்.

"ரெண்டு ரூவா சீட்டு எடுங்க, பெரியவரே."

"நடக்கதுக்கா?"

"பின்னே, பறக்கதுக்கா?"

நான் இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டு விரைந்தேன். "வாரும்வே, உமக்கும் சேத்து எடுத்துட்டேன்."

அவர் கை நீட்டவில்லை. "மனு எழுதுனது நீங்கதானாமே, அண்ணாச்சி?"

"ஆமா."

"நல்லா எழுதியிருப்பிய."

"அதை விடும். தினமும் நானே எடுக்கேன்."

"நீங்க காசு குடுக்க, நான் கூட நின்னு பாடணுமாக்கும்? அதுக்கு வேற ஆளைப் பாருங்க அண்ணாச்சி."

திரும்பி நடந்துவிட்டார். ஒரு மாதம் பொறுத்து அவர் வீடு தேடிப் போனேன். கோவில் பிரகாரத்தில் நடக்கலாமே என்று அழைத்தேன். அவர் காலில் கட்டுப் போட்டிருந்தது. "புண்ணு ஆறட்டும், வாரேன்" என்றார், என் முகத்தைப் பாராமல். வரவில்லை.

அந்த மாதமே, மனு எழுதியவர் என்ற மரியாதைக்காக நகராட்சியில் எனக்கு மட்டும் ஓராண்டு இலவச அனுமதி தந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.